மரத்தையும் காப்போம், பாதையையும் காப்போம்

லாபிஸ் வட்டாரத்துத் தோட்டங்களில் பொழுது புலர்வதற்கு முன்பே மக்கள் நடமாட்டம் தொடங்கிவிடுகின்றது. பால் வெட்டச் செல்வோர் நெற்றி விளக்குடன் பிரட்டுக் களத்தை நோக்கி நடக்கின்றனர். பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருத்துவர் கூறிய அறிவுரைப்படி, திடலைச் சுற்றி நடைபயில்கின்றனர். சற்று நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளின் மிதிவண்டிகளும் வந்து சேர்கின்றன. குடியிருப்பையும் திடலையும் கோயிலையும் இணைக்கும் தார்ப்பாதையோ சிமெண்டுப் பாதையோதான் இவர்கள் அனைவருக்கும் பொதுவான வழி.

அந்தப் பாதையோரத்தில் நிழல் தரும் பெரிய மரம் ஒன்று நிற்குமானால், சில ஆண்டுகளில் ஒரு மாற்றத்தை நாம் காணலாம். மரத்தின் அருகே தார் மெல்ல மேடிடும், பின்னர் வெடிக்கும். சிமெண்டுப் பலகையாயின் ஒரு முனை உயர்ந்து, அடுத்த பலகையோடு பொருந்தாமல் படிபோல் நிற்கும். இரண்டு சென்டிமீட்டர் உயரம் கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும். ஆனால், இருட்டில் பால் வாளியைச் சுமந்து வருபவரின் கால் கட்டை விரலுக்கு அதுவே போதும். வயது முதிர்ந்தவர் விழுந்தால், இடுப்பெலும்பு முறிந்து பல மாதங்கள் படுக்கையில் கிடக்க நேரிடலாம்.

இத்தகைய நிலையில் நம்மில் பலருக்கும் முதலில் தோன்றும் எண்ணம் ஒன்றே: "அந்த வேரை வெட்டித் தள்ளுங்கள்!" கோடரி எடுத்தால் பத்து நிமிட வேலை. அதன் மேல் தார்க்கலவையைக் கொட்டினால் பாதை சமமாகிவிடும். ஆனால், மரம் என்னவாகும் என்னும் கேள்வியை அப்போது எவரும் எழுப்புவதில்லை. பாதையையும் மரத்தையும் ஒருங்கே காக்கும் முறைகள் உள்ளன. அவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

வேர் ஏன் மேலே வருகின்றது?

மரத்தின் கிளைகள் மேலே எவ்வளவு உயர்கின்றனவோ, அவ்வளவு ஆழத்திற்கு வேர்களும் கீழே செல்லும் என்று பலர் கருதுகின்றனர். உண்மை அவ்வாறு இல்லை. பெரும்பாலான மரங்களின் வேர்களில் மிகுதியானவை மேல்மண்ணின் 60 சென்டிமீட்டர் ஆழத்திற்குள்ளேயே பரவிக் கிடக்கின்றன. வேருக்கு நீர் மட்டுமன்றிக் காற்றும் தேவை. ஆழத்தில் உள்ள இறுகிய மண்ணில் காற்று குறைவு. ஆகவே, காற்றும் ஈரமும் கிடைக்கும் மேல்மண்ணை வேர் நாடுகின்றது.

பாதை போடும்போது மண்ணை உருளை கொண்டு இறுக்குகின்றோம். அந்த இறுகிய மண்ணுக்குள் இளம் வேர் எளிதில் நுழைய இயலாது. ஆனால், தார் அல்லது சிமெண்டின் அடிப்பக்கத்திற்கும் மண்ணுக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருக்கும். வெயில் நேரடியாகப் படாத அவ்விடத்தில் ஈரம் தங்கும். இரவில் பாதை குளிரும்போது அதன் அடியில் நீர்த்துளிகள் படிவதும் உண்டு. நூல்போல் மெலிந்த வேர் அந்த இடைவெளியைக் கண்டுபிடித்து உள்ளே செல்கின்றது. பின்னர் அது ஆண்டுதோறும் பருக்கின்றது. கீழே இறுகிய மண் இடங்கொடாது. ஆகவே, மேலே உள்ள பாதையைத் தூக்குகின்றது.

எனவே, வேர் பாதையை உடைப்பதற்கு மரத்தின் குணம் மட்டும் காரணமன்று. மரத்தைப் பாதைக்கு மிக அருகில் நட்டதும், பாதையை மெல்லியதாகப் போட்டதும், வேர் செல்ல வேறு வழி விடாததும் காரணங்களாகும்.

ரப்பர் மரத்திடம் கற்ற பாடம்

தோட்டப் பாட்டாளிகளுக்கு இது புதிய செய்தி அன்று. ரப்பர் மரத்தின் ஆணிவேர் கீழ்நோக்கிச் சென்று மரத்தை நிலைநிறுத்துகின்றது. பக்கவேர்களோ மேல்மண்ணில் நெடுந்தூரம் பரவி, அடுத்த நிரையின் வேர்களுடன் பின்னிக் கிடக்கின்றன. முதிர்ந்த மரங்களுக்கு உரத்தை அடிமரத்தை ஒட்டிக் கொட்டாமல் நிரைகளுக்கு இடையே இடுவதன் காரணமும் இதுவே. வெண்வேர் நோய் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்திற்குப் பரவுவதும் இவ்வாறு வேரோடு வேர் உறவாடுவதால்தான்.

பால் வெட்டுவோர் அறிந்த மற்றோர் உண்மையும் இங்கே பயன்படும். கத்தி அளவோடு பட்டையைச் சீவினால், அவ்விடத்தில் புதுப்பட்டை வளர்ந்து சில ஆண்டுகளில் மீண்டும் வெட்டுக்கு உதவுகின்றது. கத்தி ஆழமாக இறங்கி உள்மரத்தைத் தொட்டுவிட்டால் காயம் ஏற்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாகின்றது. வேருக்கும் இதே நியதிதான். கூரிய ரம்பத்தால் நேராக அறுத்த சிறு வேரின் காயம் விரைவில் மூடும். கோடரியால் சிதைத்த வேரும், இயந்திரம் பிய்த்தெறிந்த வேரும் எளிதில் ஆறுவதில்லை. அந்தப் புண்ணின் வழியே காளான் நோய்கள் உட்புகுந்து, வேரை உள்ளிருந்தே அழுகச் செய்கின்றன.

வெட்டிய வேரின் விலை

ஒரு பக்கத்துப் பெருவேர்களை வெட்டிய மரம் உடனே வாடிவிடும் என்று எண்ணலாகாது. பல மாதங்கள், ஏன், சில ஆண்டுகள்கூட அது பசுமையாகவே நிற்கும். ஆயினும், அதனைத் தாங்கிப் பிடித்த கயிறுகளில் சில அறுந்துவிட்டன. மழைக்காலத்தில் மண் சேறாகிக் காற்றும் வீசும்பொழுது அந்தக் குறை வெளிப்படும்.

இது லாபிஸ் மக்களுக்குத் தனியாக எடுத்துரைக்க வேண்டிய செய்தி அன்று. 2006 டிசம்பர் முதல் 2007 ஜனவரி வரையிலும், 2011 ஜனவரி இறுதியிலும், 2023 மார்ச்சிலும் சிகாமட், லாபிஸ் வட்டாரங்களைப் பெருவெள்ளம் தாக்கியது. அத்தகைய நாள்களில் நிலம் நீரை உறிஞ்சி உறிஞ்சித் தன் பிடிமானத்தை இழந்துவிடுகின்றது. அப்போது மரத்தை நிறுத்தி வைப்பவை பரந்து விரிந்த பக்கவேர்களே. பாதையில் ஒருவர் தடுக்கி விழாமலிருக்க வேரை வெட்டி, பின்னர் முழு மரமும் குடியிருப்பின் மேல் சாயுமானால், நாம் ஓர் ஆபத்தை நீக்கி, அதனினும் பெரிய ஆபத்தை உண்டாக்கியவர்கள் ஆவோம்.

முதலில் அளந்து பாருங்கள்

செப்பனிடுமுன் அளக்க வேண்டும். பள்ளிக்கூட அளவுகோல் ஒன்றும் துணி அளக்கும் நாடா ஒன்றும் போதும்.

பாதை எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதை முதலில் குறித்துக்கொள்க. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டில் நிறைவேறிய உடற்பேறு குறைந்தோர் சட்டத்தையொட்டி வகுத்த அளவுகள் நமக்கும் நல்ல வழிகாட்டியாகும். உயர வேறுபாடு 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அப்படியே விடலாம். 6 முதல் 13 மில்லிமீட்டர் வரை இருந்தால் முனையைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். அதற்கும் மேற்பட்டால் சாய்தளம் தேவை. நம் நாட்டிலும் 2008-ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம், பொது வசதிகளைப் பயன்படுத்தும் உரிமை அவர்களுக்கும் உண்டு என வலியுறுத்துகின்றது. சக்கர நாற்காலி செல்லக்கூடிய பாதை எல்லாருக்கும் பாதுகாப்பான பாதையாகும்.

அடுத்து, தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளந்திடுக. அதனை 7-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்தால் மரத்தின் குறுக்களவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, சுற்றளவு 220 சென்டிமீட்டர் எனில் குறுக்களவு 70 சென்டிமீட்டர் ஆகும். இந்த எண் பின்னர் நமக்குத் தேவைப்படும்.

உடனே செய்யத்தக்கவை

நிலையான பணிக்குக் காலமும் பணமும் வேண்டும். அதுவரை எவரும் விழாமலிருக்க மூன்று காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, உயர்ந்த முனையின் மீது மஞ்சள் அல்லது வெள்ளைச் சாயம் பூசுதல். விளக்கொளியில் அது தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது, சிமெண்டுப் பலகையின் உயர்ந்த விளிம்பைத் தேய்ப்புப் பொறியால் சரிவாக்குதல். இதனைச் செய்பவர் கண்ணாடியும் முகக்கவசமும் அணிய வேண்டும். சிமெண்டுத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

மூன்றாவது, படிபோன்ற இடத்தில் தார்க்கலவையையோ சிமெண்டுக் கலவையையோ இட்டுச் சாய்தளம் அமைத்தல். ஒரு பங்கு உயரத்திற்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது கணக்கு. மேடு 5 சென்டிமீட்டர் எனில் சாய்தளம் 60 சென்டிமீட்டர் நீளம் இருத்தல் வேண்டும். இதனைவிடக் குட்டையாக அமைத்தால் மிதிவண்டிச் சக்கரம் குதிக்கும்.

இவை தற்காலிகப் பணிகளே. வேர் வளர்ந்துகொண்டேயிருக்கும், மேடும் மீண்டும் தோன்றும்.

நிலைத்து நிற்கும் நான்கு வழிகள்

பாதையை வளைத்தல்: இடம் இருக்குமானால், இதுவே முதன்மையான வழி. உடைந்த பகுதியை அகற்றிவிட்டு, மரத்தை விட்டு விலகி ஒரு வளைவாகப் புதுப்பாதை அமைத்தால் மரமும் தப்பும், வேலையும் எளிது. நடைபயில்வோருக்கு இரண்டு மீட்டர் வளைந்து செல்வது ஒரு பொருட்டன்று.

பாதையை உயர்த்துதல்: இடம் இல்லையெனில், உடைந்த தாரைக் கையால் பெயர்த்தெடுத்து, வேர்களை வெட்டாமல் அவற்றின் மேல் பாதையை உயர்த்தலாம். வேர்மீது மண்ணைக் குவிக்கக் கூடாது. அது காற்றை அடைத்துவிடும். தூசும் மண்ணும் கலவாத, 20 முதல் 40 மில்லிமீட்டர் பருமனுள்ள கருங்கல் சல்லியைப் பரப்ப வேண்டும். கற்களுக்கிடையே காற்று செல்லும், நீர் தங்காது. நீர் தங்காத இடத்தில் புதிய இளவேர்களும் எளிதில் பெருகுவதில்லை. அதன் மேல் வடிதுணி விரித்து, பி.ஆர்.சி. கம்பிவலை வைத்துச் சிமெண்டுக் கலவை இடலாம். கம்பிவலை உள்ள பலகை எளிதில் உடையாது. புதிய மேட்டின் இருபுறமும் மெதுவாகச் சரிய வேண்டும். அடிமரத்தைச் சுற்றிச் சிறிது இடம் திறந்தே இருக்கட்டும்.

கற்களைப் பதித்தல்: தாருக்கும் சிமெண்டுக்கும் மாற்றாக, மணற்படுகையின் மேல் சிமெண்டுக் கற்களை அடுக்கிப் பதிக்கலாம். வேர் தூக்கினால் அந்த இடத்துக் கற்களை மட்டும் எடுத்து, மணலைச் சரிசெய்து, அதே கற்களை மீண்டும் பதிக்கலாம். இயந்திரம் வேண்டா, புதிய பொருளும் அதிகம் வேண்டா. தோட்டத்து இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கோத்தோங் ரோயோங் முறையில் முடித்துவிடக்கூடிய பணி இது. கோயில் முற்றத்து அரச மரத்தைச் சுற்றியுள்ள வழிக்கு இதுவே மிகவும் ஏற்றது. அரச மரத்தின் வேரை வெட்ட மனம் ஒப்பாத பக்தரும், கால் தடுக்குகின்றது என வருந்தும் முதியவரும் இம்முறையால் ஒருசேர நிறைவடைவர்.

பலகைப் பாலம் அமைத்தல்: வேர்கள் தரைமேல் பின்னிப் படர்ந்து கிடக்கும் இடத்தில், சிறு தூண்களை நட்டு அவற்றின் மேல் பலகை வழி அமைக்கலாம். தூணுக்குக் குழி தோண்டும்போது பெருவேர் தென்பட்டால் குழியைத் தள்ளித் தோண்ட வேண்டும். செங்கால் போன்ற உறுதியான மரம் நீடித்து உழைக்கும். மழையில் பலகை வழுக்குமாதலால், அதன் மேல் கம்பிவலை அடித்தல் நன்று.

வெட்டியே தீரவேண்டுமானால்

சில இடங்களில் வேரை வெட்டாமல் முடியாது. அப்போது பின்வரும் நெறிகளைப் பின்பற்றுக.

மண்ணைக் கையாலேயே தோண்டி, வேரைக் கண்ணால் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். மண்தோண்டும் இயந்திரத்தை மரத்தடியில் பயன்படுத்தினால் அது வேரை அடிமரம் வரை பிளந்துவிடும்.

அடிமரத்தின் குறுக்களவைப்போல் மூன்று மடங்கு தொலைவுக்குள் உள்ள எந்தப் பெருவேரையும் தொடலாகாது. ஆறு மடங்குக்கு அப்பால் வெட்டுவதே பாதுகாப்பானது. முன்னர் கணக்கிட்ட 70 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மரத்திற்கு, மூன்று மடங்கு என்பது 2 மீட்டர் 10 சென்டிமீட்டர். ஆறு மடங்கு என்பது 4 மீட்டர் 20 சென்டிமீட்டர். பாதை இதனினும் நெருக்கமாக இருக்குமானால், வெட்டும் எண்ணத்தைக் கைவிட்டு மேற்கூறிய நான்கு வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

5 சென்டிமீட்டருக்கு மேல் பருத்த வேரைத் தகுதி பெற்றவரைக் கேளாமல் வெட்டக்கூடாது. அடிமரத்திலிருந்து சுவர்போல் இறங்கும் பலகை வேர்களை எக்காரணங் கொண்டும் வெட்டலாகாது. சிறு வேர்களைக் கூரிய ரம்பத்தால் நேராக அறுக்க வேண்டும். அறுத்த வாயில் தாரோ சாயமோ பூசுவதால் மரத்திற்குப் பயனில்லை. உடனே ஈரமண்ணால் மூடுவதே போதும். ஒரே ஆண்டில் மரத்தின் இருபுறமும் வெட்டக்கூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு நெடுநாள் முன்பே இப்பணியை முடித்துவிட வேண்டும்.

மரம் ஏற்கெனவே சாய்ந்திருந்தாலோ, அடிமரத்தில் காளான் முளைத்திருந்தாலோ, ஒரு பக்கத்து மண் வெடித்து உயர்ந்திருந்தாலோ, நாமாக எதையும் செய்யாமல் உரியவர்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

நடும்போதே சிந்திப்போம்

அண்டை நாடான சிங்கப்பூரில் 1960-களின் இறுதி முதல் சாலையோரங்களில் அங்சானா மரங்களை ஏராளமாக நட்டனர். வேங்கை இனத்தைச் சேர்ந்த இம்மரத்தின் பெரிய கிளையை வெட்டி நட்டாலே வேர்விட்டு, விரைவில் நிழல் தரும் என்பதே காரணம். அதே விரைவில் வேர்களும் பருத்து நடைபாதைகளைத் தூக்கின. பின்னர் வாடல் நோயும் அம்மரங்களைத் தாக்கியது. விரைவில் நிழல் தரும் மரம் விரைவில் இடமும் கேட்கும் என்பது அதில் நாம் கற்கும் பாடம்.

மலாய்க்காரர்கள் 'புக்குல் லீமா' என அழைக்கும் தூங்குமூஞ்சி மரமும் அத்தகையதே. 1876-ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்திற்குக் கொண்டுவரப்பட்ட இம்மரத்தின் அழகைத் தைப்பிங் ஏரிப் பூங்காவில் காணலாம். அங்கே அதற்குப் புல்வெளியும் ஏரிக்கரையும் இருக்கின்றன. ஒரு மீட்டர் அகலமுள்ள பாதையோரப் புல்தரையில் அதனை நட்டால் அது என்ன செய்யும்?

ஆகவே, அங்சானா, தூங்குமூஞ்சி, செம்மயிற்கொன்றை, ஆல், அரசு ஆகியவற்றைப் பாதையிலிருந்து பல மீட்டர் தள்ளித் திடலின் திறந்த பகுதியில் நடுவோம். பாதையை ஒட்டி நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ போன்ற செடிகள் போதும். இடம் குறைவாயின், பாதையோரமாக 45 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்திற்கு உறுதியான நெகிழித் தடுப்பைப் புதைத்து, வேரைக் கீழ்நோக்கித் திருப்பலாம். அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகம் 1990-களில் மற்றொரு முறையை உருவாக்கியது. உடைகல்லும் களிமண்ணும் கலந்த அக்கலவை பாதையின் சுமையையும் தாங்கும். கற்களின் இடுக்குகளில் வேருக்கு வழியும் விடும்.

நாட்டில் 10 கோடி மரங்களை நடும் இயக்கம் 2021-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. எத்தனை மரம் நட்டோம் என்பதோடு, எங்கே நட்டோம் என்பதையும் நாம் கருதவேண்டும்.

யாரிடம் தெரிவிப்பது?

தோட்டத்திற்குள் உள்ள பாதையைப் பற்றி நிர்வாகத்திடமும், நகரத்துப் பூங்கா மற்றும் நடைபாதை பற்றி லாபிஸ் மாவட்ட மன்றத்திடமும் தெரிவிக்க வேண்டும். "பாதை சரியில்லை" என்று வாய்மொழியாகச் சொல்வதைவிட, இடம், மேட்டின் உயரம், மரத்தின் சுற்றளவு, பாதைக்கும் அடிமரத்திற்கும் உள்ள தொலைவு ஆகிய நான்கையும் எழுதி, கைப்பேசியில் எடுத்த படத்துடன் கொடுத்தால் பணி விரைவுபெறும். கொடுத்த நாளைக் குறித்து, ஒரு படியை வைத்துக்கொள்வதும் நன்று.

மரத்தையே வெட்டிவிடலாம் என எவரேனும் கூறினால், சட்டத்தையும் நினைவூட்டுக. 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில் மரப் பாதுகாப்பு விதிகள் 1995-இல் சேர்க்கப்பட்டன. அவற்றின்படி, 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை உள்ளூர்த் திட்டமிடல் அதிகாரத்தின் எழுத்துமூல அனுமதியின்றி வெட்டலாகாது. பட்ட மரம், ஆபத்தான மரம் போன்றவற்றிற்கு விலக்குகள் உள்ளன. எனவே, வெட்டுமுன் கேட்டறிவது கடமை.

மேலும் ஒன்று. வேலைக்குச் செல்லும் வழியிலோ, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலோ பாதையில் விழுந்து காயமுற்றால், "சிறு காயந்தானே" என வாளா இருந்துவிடாதீர்கள். 1969-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம், வீட்டிற்கும் வேலையிடத்திற்கும் இடையே நேரும் விபத்தையும் கருத்திற் கொள்கின்றது. அன்றே மண்டோரிடமோ அலுவலகத்திலோ தெரிவித்து, மருத்துவரிடம் சென்று சான்று பெறுவது அவசியம்.

அன்பர்களே! இவ்வாரம் ஒருநாள், அளவுகோலும் நாடாவும் எடுத்துக்கொண்டு, உங்கள் குடியிருப்பிலிருந்து திடல் வரையிலும் ஒருமுறை நடந்து பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். குறுக்களவைக் கணக்கிடுவது அவர்களுக்கு நல்ல பயிற்சியாகும். மேடிட்ட இடங்களுக்கு முதலில் சாயம் பூசுங்கள். அளவுகளை எழுதிக் கொடுங்கள். கோடரியை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். மரம் வளர்ந்து நிழல் தர இருபது, முப்பது ஆண்டுகள் ஆகின்றன. உடைந்த பாதையைச் செப்பனிட ஓரிரு நாள்களே ஆகின்றன.